ரேவால் நடை பிறவியா, பழக்கமா? தாராபுரத்துத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் ஐந்து வயது மார்வாரிப் (ராஜஸ்தான் இனம்) பெட்டைக் குதிரை ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். விற்றவர் கையில் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அதை ஓட்டிக் காட்டினார், சொட்டுக்கூடச் சிந்தவில்லை. "இது ரேவால் குதிரை" என்றார், அதாவது மேலே இருப்பவரைக் குலுக்காமல் வேகமாகப் போகிற நடை உள்ள குதிரை. தாராபுரம் கொண்டுவந்து, ஆன்லைனில் வாங்கிய சேணத்தைப் போட்டு ஏறினால், தோட்டத்தில் இடுப்பு கழன்றுவிடுகிற மாதிரி குலுக்குகிறது. ரோட்டுக்கு வந்தால் இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டிப் போகிறது. உங்கள் மாமா முள் கடிவாளம் போடச் சொல்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் முன்னங்கால்களில் சங்கிலி கட்டினால் நடை வந்துவிடும் என்கிறார். அந்த நடை பிறவியில் வந்ததா, சொல்லிக்கொடுத்ததா, திரும்ப வருமா, குட்டிக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடை பிறவியில் வந்ததுதான். அதைச் சொல்லிக்கொடுக்க யாராலும் முடியாது. ஆனால் மேலே ஓர் ஆளைச் சுமந்துகொண்டு, கலவரப்படாமல், அந்த நடையிலேயே தொடர்ந்து போகக் குதிரை பழக வேண்டும். அந்தப் பழக்கம் சாதா நடையிலிருந்துதான் வரும், வேகத்திலிருந்து வராது. முள் கடிவாளமும் சங்கிலியும் வேண்டவே வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் கால்கள் எப்படி விழுகின்றன என்று பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் இதில்தான் நிற்கிறது. சாதா நடையில் நான்கு குளம்பும் தனித்தனியாக விழும்: வலது பின்கால், வலது முன்கால், இடது பின்கால், இடது முன்கால். எந்த நேரமும் இரண்டோ மூன்றோ கால்கள் தரையில் ஊன்றியிருக்கும். டிராட் ஓட்டத்தில் குறுக்குக் கால்கள் ஜோடி சேர்ந்துவிடும். வலது பின்காலும் இடது முன்காலும் ஒன்றாக விழும், அடுத்து மற்ற ஜோடி. ஒரு ஜோடி எழும்பி அடுத்த ஜோடி இறங்குவதற்குள் குதிரை கண்ணிமைக்கும் நேரம் அந்தரத்தில் இருக்கும். அங்கிருந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் அடி உங்கள் இடுப்பில் விழுகிறது. தோட்டத்தில் உங்களைக் குலுக்குவது இதுதான். பேஸ் என்று இன்னொன்று இருக்கிறது. ஒட்டகம் போகிற மாதிரி ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து போகும். அதுவும் இரண்டு தட்டுதான், அதிலும் அந்தரம் உண்டு, கூடவே உடம்பு பக்கவாட்டில் ஆடும். ரோட்டில் நீங்கள் பார்ப்பது அது.

ரேவால் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. காலடி வரிசை சாதா நடையின் வரிசையேதான், வேகம் மட்டும் டிராட் அளவுக்கு. நான்கு தட்டும் தனித்தனியாகக் கேட்கும். எப்போதும் ஒரு காலாவது தரையில் இருப்பதால் அந்தரம் என்பதே கிடையாது. அதனால்தான் மேலே உட்கார்ந்தவரைத் தூக்கிப் போடுவதில்லை. ஐஸ்லாந்துக் குதிரையின் டோல்ட், பெரு நாட்டுப் பாஸோ, அமெரிக்காவின் டென்னஸி வாக்கர் ஓடும் ரன்னிங் வாக் எல்லாம் இதே குடும்பம். சில இனங்களில் தட்டுகள் சரிசமமாக இருக்கும், சிலவற்றில் டிராட் பக்கமோ பேஸ் பக்கமோ கொஞ்சம் சாய்ந்திருக்கும். நம் நாட்டில் கட்ச்–சிந்தி குதிரை இதற்குப் பேர்போனது. மார்வாரியிலும் கத்தியவாரியிலும் பல குதிரைகளுக்கு உண்டு, எல்லாவற்றுக்கும் கிடையாது. காது உள்பக்கமாக வளைந்து நுனி தொட்டாலே ரேவால் இருக்கும் என்று சந்தையில் சொல்வதை நம்பாதீர்கள். காது இனத்தைச் சொல்லும், நடையைச் சொல்லாது.

டிராட் ஒரு முனை, பேஸ் மறு முனை, நடுவில் ரேவால் என்று ஒரே கோடாக நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு குதிரைக்கும் அந்தக் கோட்டில் ஓர் இயல்பான இடம் இருக்கும். தரை, முதுகின் இறுக்கம், தலையின் உயரம், ஏறியவர் உட்காரும் விதம், மனநிலை, இவை எல்லாம் அந்த இடத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளும். முதுகு இறுகித் தலை மேலே போனால் பேஸ் பக்கம் போகும். தரை கெட்டியாக இருந்தாலும் அப்படியே. மண் பொதுபொதுவென்று இருந்தாலும், புல் உயரமாக இருந்தாலும், ஏறியவர் முன்னால் சாய்ந்தாலும் டிராட் பக்கம் போகும்.

இப்போது உங்கள் குதிரையைப் பாருங்கள். அந்தியூரில் ஆயிரம் ஆள் மிதித்து இறுகிய தரை, கூட்டம், மேளம், பக்கத்தில் கனைக்கிற ஆண் குதிரைகள். கடிவாளத்தைக் கெட்டியாகப் பிடித்து, தலையைத் தூக்கி வைத்து, கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டிக் காட்டியிருப்பார். இயல்பில் டிராட் பக்கம் கொஞ்சம் சாயும் குதிரையை அந்தச் சூழல் நடுவுக்குத் தள்ளியிருக்கும், டம்ளர் சிந்தியிருக்காது. விற்றவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் தோட்டத்தில் உழுத மண், அமைதி, பயத்தில் முன்னால் குனிந்து உட்காரும் நீங்கள். குதிரை டிராட்டுக்குப் போகிறது. ரோட்டில் தார், லாரி ஹாரன், பயத்தில் நீங்கள் இழுத்துப் பிடிக்கும் கடிவாள வார், பேஸுக்குப் போகிறது. இரண்டு முனைக்கும் போய் வருகிறது என்றால் நடு இடம் அதனிடம் இருக்கிறது. பேஸை மட்டுமே அறிந்த குதிரையை நடுவுக்குக் கொண்டுவருவதைவிட இது ரொம்பச் சுலபம். நல்ல குதிரைதான் வாங்கியிருக்கிறீர்கள்.

பிறவி என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்கலாம். குட்டி பிறந்த சில நாளிலேயே தாயோடு மேய்ச்சல் காட்டில் ஓடும்போது, யாரும் சொல்லிக்கொடுக்காமல் நான்கு தட்டில் போவதைக் குதிரை வளர்க்கிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதற்குக் காரணம் 2012இல் தெரிந்தது. ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் ஐஸ்லாந்துக் குதிரைகளை ஆராய்ந்தபோது, டி.எம்.ஆர்.டி.3 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். முதுகுத் தண்டில் இடது கால், வலது கால், முன்கால், பின்கால் இவற்றை ஒத்திசைக்கிற நரம்புச் செல்களில் வேலை செய்கிற மரபணு அது. எழுத்து மாறியதால் அதன் புரதம் பாதியில் நின்றுவிடுகிறது, கால்கள் குறுக்கு ஜோடியாகத்தான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. 2014இல் உலகம் முழுக்க 141 இனங்களில் 4,396 குதிரைகளைச் சோதித்ததில் 68 இனங்களில் இந்த மாற்றம் இருந்தது. இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் கிடைத்த, கி.பி. 850–900 காலத்துக் குதிரை எலும்பிலேயே அது இருந்திருக்கிறது. ரோடு இல்லாத காலத்தில் நாள் முழுக்கக் குதிரை மேல் போனவர்கள் எதைத் தேடிப் பெருக்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மார்வார் மணல்காட்டிலும் அதே தேவைதான் இருந்தது.

அந்த மரபணுவைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும், பழக்கும்போது உதவும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என மாறிய பிரதி இரண்டு இருக்கிற குதிரைக்கு வேகம் கூடும்போது நாலுகால் பாய்ச்சலுக்கு மாறுவது சிரமமாக இருக்கும். அது முரண்டு பிடிக்கவில்லை, அதன் நரம்பு அமைப்பு அப்படி. "எவ்வளவு விரட்டினாலும் பாய மாட்டேன் என்கிறது" என்று சாட்டையை எடுக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அடுத்து, உங்கள் குதிரை எந்த நொடியில் என்ன நடையில் போகிறது என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். மேலே இருக்கிறவருக்குப் புதிதில் தெரியாது. பழைய வேட்டிக்குச் சிவப்பு நிறம் ஏற்றியோ, வேறு எந்தத் துணியையாவது கிழித்தோ, இடது பக்கத்து இரண்டு கால்களிலும் கணுக்காலுக்கு மேல் சிவப்புத் துணியும் வலது பக்கம் வெள்ளைத் துணியும் தளர்வாகச் சுற்றுங்கள். ஒருவரைப் பத்து மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நிற்கவைத்து, செல்போனில் ஸ்லோமோஷனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே நிறத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து எழும்பினால் பேஸ். சிவப்பு முன்காலும் வெள்ளைப் பின்காலும் சேர்ந்தால் டிராட். பின்கால் இறங்கி, சற்றுப் பொறுத்து, அதே நிறத்து முன்கால் இறங்கினால் நீங்கள் தேடுவது அதுதான்.

படத்தைவிடக் காது நல்ல வாத்தியார். கெட்டியான தரையில் போகும்போது கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். ரேவால் தகதிமி தகதிமி என்று நான்கும் சம இடைவெளியில் விழும். பேஸ் பக்கம் சாய ஆரம்பித்தால் தக–, திமி– என்று இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும். முழு பேஸும் முழு டிராட்டும் தத், தத் என்று இரண்டே தட்டாகிவிடும். ஒரு வாரம் இப்படிக் கேட்டுப் பழகினால், மேலே உட்கார்ந்திருக்கும்போதே தாளம் ஒட்டத் தொடங்குகிற நொடி உங்கள் காதுக்குப் பிடிபடும். பழக்குவதெல்லாம் அந்த நொடியைப் பிடிப்பதில்தான் இருக்கிறது.

ஆனால் பழக்குவதற்கு முன்னால் வலி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். வலி இருக்கிற குதிரை முதுகை இறுக்கும், இறுகிய முதுகில் நல்ல நடை வராது. உங்கள் ஆன்லைன் சேணத்தின் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, சேணத்தைக் கழற்றி, முதுகில் வேர்வை எப்படிப் படிந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நனைந்திருந்தால் சரி. நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் மட்டும் காய்ந்திருந்தால், சேணம் அங்கே அழுத்திப் பிடிக்கிறது. பிடரி முடிகிற மேட்டில் சேணம் தொடவே கூடாது, நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் இரண்டு மூன்று விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். அப்புறம், முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் விரல் நுனியால் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் சட்டென்று முதுகைத் தாழ்த்தினாலோ காதைப் பின்னால் மடித்தாலோ அங்கே நோவு இருக்கிறது. மார்வாரிக்குத் தோளும் முதுகும் குறுகலாக இருக்கும், அகலமான குதிரைக்குச் செய்த சேணம் அதன் மேல் உட்காராது. சரியான சேணம் கிடைக்கும்வரை, கனமான பருத்தி மெத்தை வைத்த நாட்டுச் சேணம் போட்டுக் குறைந்த நேரம் ஓட்டுங்கள், அல்லது ஏறாமலே கையில் பிடித்து நடத்துங்கள்.

பல் அடுத்தது. கடைவாய்ப் பல்லின் ஓரம் கத்தி மாதிரி கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும், குதிரை தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், நாம் திமிர் என்று நினைப்போம். அரம் வைத்து ராவிவிட்டால் தீர்ந்தது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, உங்களுக்கு இன்னும் பக்கமாக உடுமலைக் கல்லூரிக்கோ ஒருமுறை கொண்டுபோய் பல், முதுகு, பின்கால் மூட்டு மூன்றையும் காட்டிவிடுங்கள்.

குளம்பு விஷயம் நம் பக்கத்தில் ரொம்பக் கவனிக்க வேண்டியது. காங்கேயம் மாட்டுக்கு லாடம் அடிப்பதில் கைதேர்ந்தவர்கள் இங்கே நிறைய. ஆனால் மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது, குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. செதுக்கும் கோணமே வேறு. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை, குதிரைக் குளம்பு தெரிந்தவரை வைத்துச் செதுக்க வேண்டும். முன்நுனி நீண்டுபோனால் கால் தரையை விட்டு எழும்ப நேரமாகும், அந்தத் தாமதமே தாளத்தைக் கெடுத்துவிடும். கனமான லாடம் போட்டால் கால் உயரத் தூக்கி அழகாகப் போகும் என்பார்கள். கால் தூக்கும், ஆனால் தசைநாரும் மூட்டும் அந்தப் பாரத்துக்கு விலை கொடுக்கும். லேசான லாடம் போதும். மண்பாதையில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால், குளம்பு உறுதியாக இருக்கிற குதிரைக்கு லாடமே இல்லாமலும் ஓட்டலாம்.

தீனியையும் சொல்லிவிடுகிறேன். வேலை இல்லாத குதிரைக்குக் கொள்ளும் கடலையும் அள்ளிப் போட்டுவிட்டு, "துள்ளுகிறது, அடங்கவில்லை" என்று கடிவாளத்தை மாற்றக் கூடாது. கொழுக்கட்டைப் புல்லும் சோளத்தட்டும் வயிறு நிறையப் போகட்டும், கொள்ளு வேலைக்குத் தக்கபடி. கட்டுத்தறியில் நாள் முழுக்க நிற்பதும் முதுகை இறுக்கும். உங்களிடம் கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, இருக்கிறது என்றீர்களே, அது பெரிய வரம். பகலில் அவிழ்த்துவிடுங்கள். மேடு பள்ளத்திலும் கல்லிலும் தானாக நடந்து திரிகிற குதிரைக்குக் கால் வைப்பதில் வருகிற தெளிவை எந்தப் பயிற்சியாலும் கொடுக்க முடியாது.

சரி, பழக்கத்துக்கு வருவோம். முதல் நான்கு முதல் ஆறு வாரம் சாதா நடை மட்டும். இதைச் சொன்னால் எல்லோருக்கும் சலிப்பு, நடைக் குதிரை வாங்கி நடக்கவைக்கவா என்பார்கள். ஆனால் ரேவாலின் கால்வரிசை சாதா நடையின் வரிசைதானே. தளர்ந்த முதுகோடு, நீளமான எட்டு வைத்து, தலையை அசைத்து அசைத்து நடக்கத் தெரிந்த குதிரை, வேகம் கூட்டினால் அதே வரிசையில் வேகமாகப் போகும். இறுக்கமாகக் குறுகிய எட்டு வைக்கிற குதிரையை வேகப்படுத்தினால் டிராட்டிலோ பேஸிலோ போய் விழும்.

முதலில் இறங்கி நின்று, கயிற்றைப் பிடித்து நடத்துங்கள். நீங்கள் நின்றால் நிற்க வேண்டும், நடந்தால் நடக்க வேண்டும், நெற்றியில் லேசாகக் கை வைத்தால் தலையைத் தாழ்த்த வேண்டும். தலையைத் தாழ்த்தப் பழகிய குதிரைக்கு மேலே ஏறிய பிறகும் முதுகைத் தளர்த்துவது சுலபம். பிறகு ஏறி, வாரைத் தளரவிட்டு, நேர்ப்பாதையில் அரை மணி நேரம் நடை. நடுவில் பெரிய வட்டங்களும் பாம்பு போகிற மாதிரி வளைவுகளும். இரண்டு பக்கமும் சமமாக வளைய வேண்டும், எந்தப் பக்கம் வளையச் சிரமப்படுகிறதோ அந்தப் பக்கம் அவசரப்படுத்தாமல் கொஞ்சம் கூடுதலாக.

சரியாக நடக்கிறதா என்று தடம் சொல்லும். மழை பெய்து செம்மண் பதமாக இருக்கிற காலையில் நேராக நடத்திவிட்டு, இறங்கி வந்து பாருங்கள். முன்குளம்பு பதிந்த தடத்தைத் தாண்டிப் பின்குளம்பு விழுந்திருக்க வேண்டும். முன்தடத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டால் முதுகு இறுகியிருக்கிறது, இல்லை எங்கோ வலிக்கிறது. சாணால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வாரங்கள் போகப் போக அந்தத் தாண்டல் கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். அரைச் சாண் தாண்டியது ஒரு சாணுக்கு வரும்போது உங்களுக்கே நம்பிக்கை வந்துவிடும்.

அதற்கப்புறம்தான் வேகம். நல்ல நீள நடையில் போய்க்கொண்டிருக்கும்போது, நாக்கால் ஒரு சத்தம் கொடுத்து, கால் பெருவிரலைக்கூட அசைக்காமல் குதிகாலால் லேசாகத் தொட்டு, இன்னும் கொஞ்சம் வேகம் கேளுங்கள். சாதா நடை முடிந்து வேறொன்று தொடங்குகிற விளிம்பு ஒன்று உண்டு. அங்கே உடம்புக்குக் கீழே குதிரை வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும், குலுக்கல் இருக்காது. பத்து எட்டு அப்படி வந்தால் போதும். தாளம் ஒட்டுவதற்குள் நீங்களே வாரைத் தளர்த்தி, நடைக்குக் கொண்டுவந்து, கழுத்தைத் தடவிக் கொடுங்கள். கெட்டுப்போன பிறகு நிறுத்தினால், கெட்டுப்போனதுதான் வேலையின் முடிவு என்று குதிரை நினைத்துக்கொள்ளும். நன்றாக இருக்கும்போதே நிறுத்தினால் இதுதான் கேட்டது என்று அதற்குப் புரியும். பத்து எட்டு இருபதாகும், இருபது ஒரு வயல் நீளமாகும், அப்புறம் வாய்க்கால் மடை வரைக்கும். முதுகுத் தசையும் பின்காலும் பலப்பட வேண்டுமே, அதற்கு மாதங்கள் ஆகும். இந்த இடத்தில் அவசரப்பட்டுக் கெட்ட குதிரைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் குதிரைகள் மேல் எந்தக் குற்றமும் கிடையாது.

நம் நாட்டுத் தரையை நீங்கள் மருந்தாகவே பயன்படுத்தலாம். டிராட் பக்கம் சாய்கிற நாளில் அமராவதி வாய்க்கால் கரை மாதிரி கெட்டியான சமதளத்திலோ, லேசான இறக்கத்திலோ ஓட்டுங்கள். நிமிர்ந்து உட்காருங்கள், கையை ஓர் அங்குலம் உயர்த்துங்கள், போதும். பேஸ் பக்கம் சாய்கிற நாளில் ஓடை மணலுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது லேசான ஏற்றத்தில் ஓட்டுங்கள். இரண்டு மூங்கில் கழிகளையோ நான்கையோ தரையில் ஓர் எட்டு இடைவெளியில் போட்டு, நடையிலேயே தாண்டவையுங்கள். கழியைத் தாண்டக் கால் ஒவ்வொன்றையும் தனியாகத் தூக்கித்தான் ஆக வேண்டும், ஒட்டிய ஜோடி பிரிந்துவிடும். மணலில் மட்டும் அதிக நேரம் ஓட்டாதீர்கள், தசைநார் வீங்கும். தார் ரோட்டில் வேகமே வேண்டாம், இரும்பு லாடம் வழுக்கும், மூட்டுக்கும் ஆகாது.

ஆடிக் காற்றையும் கணக்கில் வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றில் காது கேட்காமல், வாசனை பிடிபடாமல், எந்தக் குதிரையும் தலையைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். காற்றாலை இறக்கை சுற்றுகிற நிழல் தரையில் ஓடினால் இன்னும் மோசம். நீங்கள் ஆடியில் வாங்கி வந்து, அந்தக் காற்றிலேயே ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள். புதிய இடம், புதிய ஆள், இந்தக் காற்று, மூன்றும் சேர்ந்தால் எந்த நடையும் ஒழுங்காக வராது. காற்று அடங்கியிருக்கிற விடிகாலையில் ஓட்டுங்கள்.

இப்போது முள் கடிவாளம். உங்கள் மாமா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். இழுத்தால் தலையைத் தூக்கும், கழுத்தை வளைக்கும், பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் குதிரை அந்த வலியிலிருந்து தப்பிக்கத் தலையை மேலே கொண்டுபோய் முதுகைக் குழித்துக்கொள்கிறது. குழிந்த முதுகு பேஸுக்கு நேர்வழி என்று மேலே சொன்னேன். சாகும்வரை வாயில் தழும்போடு, தொட்டாலே பயப்படுகிற குதிரைதான் மிஞ்சும். சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளிலேயே முள் வைத்த கடிவாளத்துக்குத் தடை இருக்கிறது. வழவழப்பான, நடுவில் மூட்டு வைத்த சாதாரண இரும்பு போதும். கல்யாணத்திலும் திருவிழாவிலும் ஆடப் பழக்கிய குதிரையா என்றும் விற்றவரிடம் விசாரியுங்கள். அப்படியென்றால் வாயைத் தொட்டதும் நின்ற இடத்திலேயே குதிக்கப் பார்க்கும். அதை மறக்கடிக்க இன்னும் சில மாதம் தளர்ந்த வாரில் நடைதான் மருந்து.

சங்கிலி விஷயத்தில் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். டென்னஸி வாக்கர் குதிரைகள் போட்டியில் முன்காலை இன்னும் உயரத் தூக்க வேண்டும் என்று, காலில் எரிச்சல் தரும் ரசாயனத்தைத் தடவி அதன் மேல் சங்கிலி கட்டினார்கள். வலியில் குதிரை காலை வெடுக்கென்று தூக்கியது, பரிசு கிடைத்தது. கொடுமை பெருகிப்போய் 1970இல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. அத்தனை அழகான இயற்கை நடை உள்ள இனத்துக்கு இந்தக் கதி. கோயில் ஊர்வலத்துக்கு லேசான சலங்கை கட்டுவது வேறு விஷயம். நடை வரவேண்டும் என்று பாரமான சங்கிலி கட்டினால் வருவது வலியின் நடை. சங்கிலியை அவிழ்த்த அன்றே அது போய்விடும், கெட்ட மூட்டு மட்டும் கூடவே இருக்கும்.

உங்கள் குதிரைக்கு ஐந்து வயது என்றீர்கள். வயதைப் பல் பார்த்து மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள், சந்தையில் வயதைக் கூட்டியும் குறைத்தும் சொல்வது வழக்கம். முதுகெலும்பின் வளர்ச்சி முடிய ஐந்து வயதுக்கு மேல் ஆகும். மூன்றரை, நான்கு வயதுதான் என்றால் இந்த வருடம் அதிகம் ஏறாமல், கையில் நடத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் குட்டி. ஐஸ்லாந்துக் குதிரைகளில், தாய் தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் மாறிய பிரதி வந்த குட்டிக்குத்தான் சாதா நடை, டிராட், பாய்ச்சல், டோல்ட், பேஸ் என்ற ஐந்து நடையும் பெரும்பாலும் அமைகிறது. ஒரு பக்கம் மட்டும் வந்தால் பேஸ் இருக்காது, டோல்ட் இருக்கலாம். ஆகவே பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஏதோ ஓர் ஆண் குதிரையோடு சேர்க்காதீர்கள். அந்த ஆண் குதிரையைத் தளர்ந்த வாரில், சாதாரணக் கடிவாளத்தில், அமைதியான இடத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதன் குட்டிகள் ஏதாவது இருந்தால் அவை தாயோடு ஓடுவதையும் பாருங்கள், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. சினை பதினொரு மாதம். அதற்குள் தாய்க்கு நடை பழக்கவும் முடியாமல், சினையைக் கவனிக்கவும் முடியாமல் திண்டாட வேண்டாம். பொலி சேர்ப்பதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். ஆறு வாரச் சாதா நடை முடிந்ததும், சிவப்பும் வெள்ளையும் துணி தெரிகிற மாதிரி பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள். மணலில் ஒன்று, கெட்டித் தரையில் ஒன்று. எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.